ஆம்னி எஞ்சினை இறக்கி ஈக்கோ எஞ்சின் ஏற்றலாமா? வீட்டில் கட்டிய சின்னக் கார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு நெல் களத்தில் இரண்டு சீட்டு திறந்த கார் ஒன்று நிற்கிறது. லேத் பட்டறை வைத்திருக்கும் மாமாவும் நானும் சேர்ந்து கட்டியது. சட்டம் (சேஸி) 25 மி.மீ. சதுரக் குழாய். எஞ்சின், கியர் பாக்ஸ், பின் ஆக்சில் எல்லாம் ஒரு பழைய ஆம்னியுடையவை. முதலில் 796 சிசி எஞ்சினில் ஓடியது. பிறகு அதை இறக்கிவிட்டு ஈக்கோவின் 1196 சிசி எஞ்சினை அதன் கியர் பாக்ஸோடு ஏற்றினோம். களத்துக்கு வந்து பார்க்கிறவர்களும் போனில் கூப்பிடுகிறவர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதிவைத்துவிட்டேன்.

எதுக்குண்ணே பெரிய எஞ்சின்? 796 போதாதா?

பலருக்குப் போதும். கணக்கைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எங்கள் கார் ஆம்னி எஞ்சினோடு 510 கிலோ. எஞ்சின் சுமார் 37 எச்பி. டன்னுக்கு 72 எச்பி வருகிறது. அதே 37 எச்பியை 650 கிலோ மாருதி 800-இல் போட்டால் டன்னுக்கு 57தான். அதனால் ஒற்றை ஆளாக ஓட்டும்போது சிட்டாகப் பறக்கிற மாதிரி இருக்கும்.

பக்கத்து சீட்டில் மச்சான் ஏறி உட்கார்ந்ததும் கதை மாறும். இரண்டு பேர் சேர்ந்து 140 கிலோ என்றால் மொத்தம் 650 கிலோ. உங்கள் சிட்டு, காலி மாருதி 800 ஆகிவிட்டது. பெரிய காரில் ஆள் ஏறுவது தெரியாது, சின்னக் காரில் ஒவ்வொரு ஆளும் தெரியும். எங்களுக்கு ஆசை வந்த இடம் அதுதான். ஈக்கோ எஞ்சின் 73 எச்பி. மாற்றிய பிறகு கார் 548 கிலோ. டன்னுக்கு 133. புது ஸ்விஃப்ட்டுக்கே நூறைத் தொடாது.

இந்த வகைக் காருக்கெல்லாம் மூத்தது 1957-இல் இங்கிலாந்தில் வந்த லோட்டஸ் செவன். தொடக்கத்தில் அதில் இருந்தது ஃபோர்டின் 1172 சிசி எஞ்சின், வெறும் 40 எச்பி. ஆகவே 37 எச்பியை வைத்துக்கொண்டு யாரும் கூச்சப்பட வேண்டாம்.

கிட் கார் என்றால் என்ன?

பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொள்ளும் கார். பிரிட்டனில் அன்று முழுக் காருக்குக் கொள்முதல் வரி இருந்தது, பாகங்களாக வாங்கினால் இல்லை. அதனால்தான் அங்கே அது அப்படி வளர்ந்தது. 1973-இல் அந்த வரி போய் வாட் வந்ததும் லாபக் கணக்கு அடிபட்டது. நம் பக்கத்தில் இப்படிப் பெட்டி கட்டி யாரும் அனுப்புவதில்லை. நாங்கள் கட்டியதும் சரியாகச் சொன்னால் கிட் இல்லை, காயலான் கடை. ஆனால் மாருதி எஞ்சினை எடுத்து ரேஸ் கார் கட்டுவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. கோவையில் எஸ். கரிவரதன் 1980-களிலேயே மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை சீட்டு ரேஸ் கார்களைக் கட்டினார். செட்டிபாளையத்தில் இருக்கும் ரேஸ் தடம் அவர் பெயரில்தான் இருக்கிறது.

ரோட்டில் ஓட்டலாமா?

கூடாது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பதிலைக் கேட்டதும் பாதிப் பேர் வேறு யாரிடமாவது போய் வேறு பதில் வாங்கிவருகிறார்கள்.

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்சி புக்கில் இருக்கும் விவரம் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இது ஏற்கெனவே பதிவான வண்டிக்கு. அடியிலிருந்து புதிதாகக் கட்டிய வண்டியைப் பதிவு செய்ய வேண்டுமென்றால், மாதிரி வண்டியைப் புனேயின் வாகன ஆராய்ச்சி நிலையமான ஏஆர்ஏஐ, ஒரகடத்தில் இருக்கும் சோதனை மையம் போன்ற இடங்களில் சோதனைக்கு விட்டுச் சான்று வாங்க வேண்டும். கம்பெனிகளுக்கான வழி அது. களத்தில் வெல்டிங் வைக்கிறவனுக்கானது அல்ல.

"ஆம்னி ஆர்சி கையில இருக்கே, அந்த நம்பர் பிளேட்டைப் போட்டா என்ன?" என்று ஒரு தம்பி கேட்டார். போடலாம், விபத்து நடக்கும் வரை. ஆர்சியில் இருப்பது வேன், ரோட்டில் கிடப்பது வேறு ஏதோ. அன்றைக்கு இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பதே அதைத்தான். அடிபட்டவருக்குக் கொடுக்க வேண்டிய நஷ்ட ஈடு உங்கள் நிலத்தை விற்றால்தான் வரும்.

சுற்றுச்சுவருக்குள், வேலிக்குள் மட்டும் ஓட்டவென்று கட்டிய வண்டியை அந்தச் சட்டம் 'மோட்டார் வாகனம்' என்ற வரையறைக்குள் கொண்டுவருவதில்லை. எங்கள் கார் களத்தை விட்டுத் தானாக உருண்டு வெளியே போனதில்லை, போனால் மினி லாரியில் ஏறித்தான் போகும். ஆற்றங்கரை ரோடு உங்கள் வயலை ஒட்டியே போனாலும் அது பொது இடம்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளில்லாமல் கிடந்தாலும் பொது இடம்தான்.

எந்த எஞ்சின் தோது?

எங்கள் மாதிரி எஞ்சின் முன்னால், இழுப்பது பின் சக்கரம் என்றால், அப்படியே அமைந்த வண்டியிலிருந்து எஞ்சினையும் கியர் பாக்ஸையும் ஒரே ஜோடியாக எடுங்கள். ஈக்கோ அப்படி. ஜிப்ஸி கிங்கின் 1298 சிசி எஞ்சினும் அப்படி, சுமார் 80 எச்பி. ஆனால் ஜிப்ஸிக்கு ரசிகர்கள் அதிகம், விலையும் அப்படித்தான்.

ஜென், எஸ்டீம் எஞ்சின்கள் நல்லவை, ஆனால் குறுக்கே உட்கார்ந்து முன் சக்கரத்தை ஓட்டப் பிறந்தவை. அவற்றை முதுகுக்குப் பின்னால் வைத்துக் கட்டுகிற கார் வேறு மாதிரிக் கார். ஆம்னி கியர் பாக்ஸை வைத்துக்கொண்டு வேறு எஞ்சினை அதில் கோக்கலாம் என்று அடாப்டர் பிளேட் கடைய ஆரம்பிக்காதீர்கள். கிராங்க் நடுவும் கியர் பாக்ஸ் தண்டின் நடுவும் மயிரிழை தப்பினாலும் கிளட்ச் பிளேட்டையும் முன் பேரிங்கையும் தின்றுவிடும். மாமா 30 வருஷம் லேத்தில் நின்றவர். அவரே வேண்டாம் என்றார்.

டீசல்? 1.3 லிட்டர் டீசலின் 190 நியூட்டன் மீட்டர் இழுவையைப் பார்த்து எல்லோருக்கும் நாக்கு ஊறும். டர்போ, இன்டர்கூலர், இரும்புக் கட்டை என்று மூக்கில் ஏறும் எடையையும் பார்க்க வேண்டும். பைக் எஞ்சின்? எடை குறைவு, சத்தம் பிரமாதம், ரிவர்ஸ் கியர் கிடையாது. இறங்கித் தள்ள ஆள் இருந்தால் சரி.

பழைய எஞ்சின் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பில்லும் எஞ்சின் நம்பரும் முதலில். எந்த வண்டியிலிருந்து இறங்கியது என்று எழுத்தில் தராதவரிடம் வாங்காதீர்கள். திருட்டு வண்டியின் எஞ்சின் உங்கள் களத்தில் இருந்தால் பதில் சொல்வது நீங்கள்தான்.

அடுத்தது தண்ணீரில் மூழ்கிய எஞ்சின். 2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகும் 2018 நவம்பரில் கஜா அடித்த பிறகும் நம் பக்கத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியதாகிவிட்டது. நாங்கள் முதலில் வாங்கிய எஞ்சின் அப்படிப்பட்டது. விற்றவர் புது ஆயில் ஊற்றி, மேலே டீசல் போட்டுக் கழுவி, பளபளவென்று வைத்திருந்தார். டிப் ஸ்டிக் சுத்தம். வீட்டுக்குக் கொண்டுவந்து ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றினால், கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் அடி மூலையில் ஆற்று வண்டல் விரல் கனத்துக்குக் காய்ந்து ஒட்டியிருந்தது. அங்கே யாரும் கழுவுவதில்லை. இப்போதெல்லாம் கடையிலேயே ஸ்டார்ட்டரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுகிறேன். அதற்குச் சம்மதிக்காத கடையில் டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவேன்.

எடை கூடினால் ஸ்பிரிங் தாங்குமா?

எஞ்சின் வாங்குவதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்ளலாம். டெல்டாவில் இருப்பதால் நமக்கு ஒரு வசதி: நெல் மூட்டை. கொள்முதல் நிலையத்துச் சிப்பம் 40 கிலோ. எஞ்சின் உட்காரும் இடத்துக்கு மேலே பலகை போட்டு ஒரு மூட்டையை ஏற்றுங்கள். ஏற்றும் முன்னும் பின்னும் சக்கர வளைவிலிருந்து தரைக்கு உயரத்தை அளந்துகொள்ளுங்கள். எங்களுக்கு 22 மி.மீ. இறங்கியது. எஞ்சினின் ஆயில் தொட்டியான சம்புக்கு அடியில் இருந்த இடைவெளியில் அது போனால் களத்து வரப்பில் தட்டும் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. முன் ஸ்பிரிங்கை மாற்றிவிட்டுத்தான் எஞ்சினைத் தேடப் போனோம்.

நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி எடையும் வேண்டும். ரைஸ் மில்லில் மூட்டை நிறுக்கும் எலெக்ட்ரானிக் தராசு நான்கை ஒரு மதியம் கடன் வாங்கி, ரசமட்டம் வைத்துச் சமமாக அடுக்கி, மேலே காரை உருட்டினோம். பழைய எஞ்சினோடு முன்னால் 247, பின்னால் 263. புது எஞ்சினோடு முன்னால் 281, பின்னால் 267. கூடிய 38 கிலோவில் 34 கிலோ மூக்கிலேயே போய் உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். இதைப் பார்த்ததும் பேட்டரியைத் தூக்கி சீட்டுக்குப் பின்னால் வைத்தோம். காசில்லாமல் கிடைக்கும் வைத்தியம் அது ஒன்றுதான்.

சட்டம் முறுக்கிக்கொள்ளாதா?

அதற்கும் நெல் மூட்டைதான். பின் முனையை இரண்டு பக்கமும் அசையாமல் கட்டுங்கள். முன் முனையின் நடுவில் மட்டும் ஒரு முட்டுக் கொடுத்து, குறுக்கே நீளமான கம்பி கட்டி, நடுவிலிருந்து சரியாக ஒரு மீட்டர் தள்ளி ஒரு மூட்டையைத் தொங்கவிடுங்கள். 392 நியூட்டன் மீட்டர் முறுக்கு வரும். முன் சட்டம் ஒரு மீட்டர் அகலத்துக்கு மூன்றரை மில்லிமீட்டர் சாய்ந்தால் ஒரு டிகிரிக்கு 2,000 நியூட்டன் மீட்டர் என்று கணக்கு. லேசான காருக்குக் குறை சொல்ல முடியாத அளவு. அதைவிட நிறையச் சாய்ந்தால் முதலில் குறுக்குச் சட்டம் போடுங்கள். வளையும் சட்டத்தில் ஸ்பிரிங்கைச் சரிசெய்வது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை.

வெல்டிங்கைப் பற்றி ஒரு வார்த்தை. 1.6 மி.மீ. குழாயில் கேட் அடிக்கிறவரின் கனத்த ராடு வைத்தால் ஓட்டை விழும். மெல்லிய ராடு, அல்லது மிக் வெல்டிங். திருச்சி துவாக்குடி பக்கம் பாய்லர் வேலை பார்த்துக் கை பழகிய வெல்டர்கள் கிடைப்பார்கள். எஞ்சின் தொங்கும் இடங்களை மட்டுமாவது அவர்கள் கையில் கொடுங்கள். காரில் ஈசியூ (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) ஏறிய பிறகு வெல்டிங் வைப்பதாக இருந்தால் பேட்டரி வயரைக் கழற்றுங்கள், ஈசியூ பிளக்கையும்.

மவுன்டிங் எப்படி அடிப்பது?

காயலான் கடையில் உடைந்த காலி எஞ்சின் பிளாக் ஒன்று வாங்கி, அதை வைத்து அளவெடுங்கள். நல்ல எஞ்சினைச் செயின் பிளாக்கில் தொங்கவிட்டுக்கொண்டு கீழே கையை நீட்டாதீர்கள். ஈக்கோ எஞ்சினில் நான்கு சிலிண்டர், ஆம்னியில் மூன்று. நீளம் கூடும். ரேடியேட்டரை முன்னால் தள்ளுவதா, கால் வைக்கும் இடத்தைக் குறைப்பதா என்பதை அந்தக் காலி பிளாக்கே சொல்லிவிடும். வேனில் எந்தச் சாய்வில் உட்கார்ந்திருந்ததோ அதே சாய்வில் வையுங்கள். அழகுக்காக நிமிர்த்தினால் சம்பில் ஆயில் உறிஞ்சும் வாய் காற்றைக் குடிக்கும்.

கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் ஜாயின்ட் ஷாஃப்ட்டை வெட்டிக் குட்டையாக்கினால் பேலன்ஸ் பார்க்காமல் பூட்டக் கூடாது. இரு முனையிலும் மடங்கும் மூட்டுகளான கிராஸ்களின் கோணமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஷாஃப்ட்டின் முன் பக்கம் சுற்றி ஒரு இரும்பு வளையம் கட்டாயம். கிராஸ் உடைந்தால் ஷாஃப்ட் தரையில் குத்திக் காரையே தூக்கும், இல்லையென்றால் உங்கள் இடுப்புக்குப் பக்கத்தில் சுழலும்.

ஆம்னி பின் ஆக்சில் உடைந்துவிடாதா?

நாங்களும் பயந்தோம். ஆனால் ஆள், மூட்டை என்று வேன் சுமையைத் தாங்கச் செய்தது அது. எங்கள் காரைத் தராசில் ஏற்றியபோது பின் சக்கரங்கள் மேல் இருந்தது 267 கிலோதான். டயரின் பிடிப்பு விட்டுப் போகும் அளவுக்கு மேல் ஆக்சிலுக்கு வேலையே வராது. அதற்குமேல் மிதித்தால் சக்கரம் சும்மா சுற்றும். லேசான கார் ஆக்சிலைக் காப்பாற்றும், டயரைக் காப்பாற்றாது.

சூடு?

எங்களைக் கவிழ்த்தது இதுதான். பெரிய எஞ்சின் என்றால் பெரிய ரேடியேட்டர் என்று எல்லோருக்கும் தெரியும். பெரிதாகவே போட்டோம், மின்விசிறியும் போட்டோம். சித்திரை வெயிலில் களத்தைச் சுற்றி ஓட்டினேன். வெப்ப முள் பாதியிலேயே நின்றது. பரவாயில்லையே என்று இன்னும் நான்கு சுற்று. பானட்டிலிருந்து இனிப்பாக, கூலன்ட் வேகிற வாடை வந்தது. முள் அப்போதும் பாதியில்தான். நிறுத்தும்போது எஞ்சின் இரண்டு முறை இருமியது. ஹெட் கேஸ்கெட் போய், ஹெட்டும் கோணி, தஞ்சாவூருக்குத் தூக்கிப்போய்ச் சமன் செய்ய வேண்டியதாயிற்று.

காரணம் சின்னது. இந்த வகைக் காரின் மூக்கு தாழ்வு. ரேடியேட்டர் மூடி எஞ்சினின் தெர்மோஸ்டாட்டைவிடக் கீழே இருந்தது. மூடி வழியாக எவ்வளவு ஊற்றினாலும் எஞ்சின் தலையில் காற்று மாட்டிக்கொள்ளும். வெப்ப சென்சார் உட்கார்ந்திருந்தது அந்தக் காற்றில். தண்ணீர் கொதிக்கிறது, சென்சாருக்குத் தெரியவில்லை. இப்போது எல்லாவற்றுக்கும் மேலே, எஞ்சினுக்கும் சீட்டுக்கும் நடுவில் இருக்கும் ஃபயர் வால் தகட்டில் ஒரு தனித் தொட்டி வைத்து, அங்கேதான் அழுத்த மூடி. 0.9 பார் மூடி போட்டால் தண்ணீர் சுமார் 118 டிகிரியில்தான் கொதிக்கும். ஊற்றும்போது காரின் மூக்கைத் தூக்கி வைத்து, தெர்மோஸ்டாட்டுக்குப் பக்கத்து ஹோஸைத் தளர்த்தி, குமிழி நிற்கும் வரை பொறுமையாக ஊற்றுங்கள். நம் பக்கத்து வேகத்தில் காற்று வந்து மோதிக் குளிரும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். விசிறியை நம்புங்கள்.

பிரேக்?

எஞ்சினுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை. 550 கிலோ கார் 80 கி.மீ. வேகத்தில் சுமக்கும் ஆற்றல் சுமார் 136 கிலோஜூல். 120-இல் 306. வேகம் ஒன்றரை மடங்கு, பிரேக் விழுங்க வேண்டியது இரண்டேகால் மடங்கு. முன் பக்கம் டிஸ்க் இல்லாத ஆம்னியின் பாகங்களை வைத்திருந்தால் எஞ்சின் ஆசையை அங்கேயே நிறுத்துங்கள்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. வேனின் பிரேக் பங்கீடு பின்னால் சுமை ஏறும் என்று எண்ணிச் செய்தது. உங்கள் காரில் பின்னால் சுமை இல்லை. அழுத்தி மிதித்தால் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு கார் பம்பரமாகும். களத்தை நனைத்துவிட்டு 30 கி.மீ. வேகத்தில் மிதித்துப் பார்த்தோம். தடத்தைப் பார்த்தால் எந்தச் சக்கரம் முதலில் இழுபட்டது என்று தெரியும். முன் சக்கரம்தான் முதலில் பூட்ட வேண்டும். பின் லைனில் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு போட்டுச் சரிசெய்தோம்.

கியர் கணக்கு எப்படிப் பார்ப்பது?

பின் பக்கத்தைத் தூக்கி வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, ஷாஃப்ட்டில் சாக்பீஸ் கோடு போடுங்கள். ஒரு சக்கரத்தை ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றதை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றியதோ அதுதான் டிஃபரன்ஷியல் விகிதம். அது 5 என்று வைத்துக்கொள்வோம். டயரின் சுற்றளவு 1.69 மீட்டர். எஞ்சினும் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் சுற்றும் ஒன்றுக்கொன்று கியரில் 60 கி.மீ. வேகத்துக்கு எஞ்சின் சுமார் 2,960 சுற்று, 100-க்கு 4,930. காது கேட்காது. ஐந்தாவது கியர் இருப்பதால் கொஞ்சம் தப்பிக்கலாம். டயரைப் பெரிதாக்கலாம் என்று 13 அங்குல ரிம்மில் 155/65 டயர் போட்டால் ஏமாறுவீர்கள். ரிம் பெரிது, சுவர் குட்டை, மொத்த உயரம் பழைய 12 அங்குலத்துக்குக் கிட்டத்தட்ட அதே.

வயரிங்கும் பெட்ரோல் லைனும்?

வயரிங்கை வெட்டாமல் முழுதாக வாங்குங்கள். இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புப் பூட்டு) உள்ள வண்டி என்றால் சாவி, ரிசீவர், ஈசியூ மூன்றும் ஒரே வண்டியுடையதாக இருக்க வேண்டும். எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் கனமான எர்த் வயர். அது இருந்தால் பல கோளாறுகள் வராது.

கார்பரேட்டர் வண்டியின் ஹோஸை இன்ஜெக்‌ஷனுக்குப் போடவே கூடாது. அங்கே அரை பார்கூட இல்லை, இங்கே சுமார் 3 பார். பிதுங்கிக்கொண்டு பீய்ச்சினால் கீழே இருப்பது சைலன்சர். எத்தனால் கலந்த பெட்ரோலும் பழைய ரப்பரை ஊறவைத்துவிடும், எப்படியும் புதிதாகத்தான் போட வேண்டும்.

துருப் பிடிக்குமா?

பிடிக்கும். நாகை, வேதாரண்யம் பக்கம் என்றால் சீக்கிரமே பிடிக்கும். திறந்த குழாய் முனைகளை எல்லாம் அடையுங்கள்.

மொத்தம் என்ன செலவாகும்?

எஞ்சின் விலையை மட்டும் வீட்டில் சொல்லாதீர்கள். ஸ்பிரிங், பிரேக், ரேடியேட்டர், ஷாஃப்ட், ஹோஸ், அந்த ஹெட் வேலை எல்லாம் சேர்த்தபோது எங்களுக்கு எஞ்சின் விலையைப் போல் இன்னொரு மடங்குக்கு மேல் போயிற்று. நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். நோட்டை அத்தை கண்ணில் படாமல் மாமா பட்டறையில் வைத்திருக்கிறார்.

எவ்வளவு வேகம் போகும்?

களத்தின் நீளம் 80 மீட்டர். மூன்றாவது கியருக்கு இடமில்லை. தை, மாசியில் வந்தால் அதையும் பார்க்க முடியாது. காரைத் தார்ப்பாயால் மூடி ஓரங்கட்டிவிட்டு நெல் காயப்போட்டிருப்போம்.